மான்தலை முத்திரை

லெபரெக்ட் மோரிங்குக்குச் சந்தேகப்படுவதுதான் தொழில். ஹைல்பாக் ஊரில் அவரை மருந்துக்கடைக்காரர் என்பார்கள், தொழிற்சாலை முதலாளி என்பார்கள். ஆனால் கடைக்கு ஒரு மூட்டை வந்து இறங்கினால் அவர் முதலில் நினைப்பது, இதில் எவன் எதைக் கலந்திருக்கிறான் என்பதுதான். தேன் வந்தால் அதில் சர்க்கரைப் பாகு இருக்கிறதா என்று பார்ப்பார். குங்குமப்பூ வந்தால் சாமந்தி இதழ் இருக்கிறதா என்று பார்ப்பார். பெரு நாட்டிலிருந்து கப்பலேறி வரும், காய்ச்சலுக்கான கொய்னாப் பட்டையில் உள்ளூர் ஓக் மரப்பட்டையைச் சொருகி அனுப்பியவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்கூட இரண்டாம் முறை அவரிடம் வியாபாரம் பேச வந்ததில்லை.

இந்தக் குணம்தான் அவரை ஆளாக்கியது என்பதை ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். ஊர் ஊராக உதவியாளராக வேலை பார்த்துவிட்டு ஒரு தோல்பையோடு 'மான்' மருந்துக்கடைக்கு வந்து சேர்ந்தவர் அவர். கடைக்காரரின் மகள் அடெல்ஹைடைக் கட்டிக்கொண்டார், கடையும் கைக்கு வந்தது. முதல் சில குளிர்காலங்களில் கையில் பெரிதாக ஒன்றுமில்லை. வெர்ரா ஆற்றங்கரை வில்லோ மரங்களின் பட்டையைச் செப்பு அண்டாவில் கொதிக்கவைத்து, அதிலிருந்து ஒரு வெள்ளை உப்பை இறக்கி, ஏழைகளின் காய்ச்சல் மருந்தாக விற்றார். துணி வெளுக்கும் கொட்டகையில் புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றி அண்டாவைக் கிளறுவார்கள். பிறகுதான் கொய்னா வந்தது. மற்றவர்கள் மாவும் சுண்ணாம்பும் கலந்து கொய்னா விற்றுக்கொண்டிருந்த காலத்தில், மோரிங் விற்ற புட்டிக்குள் கொய்னாவைத் தவிர வேறெதுவும் இருக்காது. மூடிமேல் சிவப்பு அரக்கில் மான்தலை முத்திரை இருக்கும். அந்த முத்திரையை நம்பி எர்ஃபுர்ட்டிலும் ஹம்பர்க்கிலும் மருந்துக்கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். கொட்டகை இருந்த இடத்தில் செங்கல் கட்டடமும் புகைபோக்கியும் எழும்பின.

தொழிற்சாலை எத்தனை பெரிதானாலும் ஒரு வேலையை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. கடைக்குப் பின்னால் பழைய அறை ஒன்று இருந்தது. அதன் சாவி அவர் இடுப்பில் தொங்கும், முத்திரை மோதிரம் விரலில் இருக்கும். தொழிற்சாலையில் காய்ந்த கொய்னாவை அந்த அறைக்குத் தாமே கொண்டுபோய்ப் பெரிய பீங்கான் ஜாடியில் கொட்டுவார். பக்கத்து ஜாடியில் பழைய வில்லோ உப்பு இருக்கும், கேட்கிற ஏழைகளுக்கு இன்னமும் கொடுப்பதற்காக. இரண்டும் வெள்ளை, இரண்டும் கசப்பு. வேறுபாடு தெரிய ஒரு வழிதான் உண்டு. ஒரு சிட்டிகையை வெள்ளைத் தட்டில் வைத்துக் கந்தகத் திராவகத்தை ஒரு சொட்டு விடவேண்டும். வில்லோ உப்பு இருந்தால் இரத்தமாகச் சிவக்கும். சுத்தமான கொய்னா அப்படியே கிடக்கும். மோரிங் ஒவ்வொரு புட்டிக்கும் அந்தச் சொட்டை விட்டுப் பார்ப்பார். பிறகுதான் அடைப்பார், அரக்கு ஊற்றுவார், மோதிரத்தை அழுத்துவார். மோதிரம் பட்டபின் அந்தப் புட்டியை யாரும் சோதிக்கக் கூடாது. முதலாளி சோதித்ததை உதவியாளன் சோதிப்பதென்றால் அப்புறம் முதலாளி எதற்கு என்பது அவர் கட்சி. அந்த நாட்டில் எந்த மருந்துக்கடையிலும் அதை யாரும் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டார்கள்.

கடந்த ஓரிரண்டு வருடங்களாக உலகம் முன்னைவிட மோசமாகிவிட்டது என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. விளக்கெண்ணெய் விற்கிற வென்ட்ஸல் எண்ணெயில் எதையோ கலக்கிறான், விளக்கு முன்போல எரிவதில்லை. செய்தித்தாள்காரன் மையில் தண்ணீர் ஊற்றுகிறான், எழுத்தே நிற்பதில்லை. மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்தவன் மட்டக் கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டான். வேலைக்காரி டோர்ட்டெ வைக்கும் செர்ரிப் பழப்பாகு வெளிறிப்போய் இருக்கிறது, பழத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் போல. வென்ட்ஸலை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டித் தீர்த்துவிட்டு எண்ணெய்க்கடையை மாற்றினார். புது எண்ணெயும் அப்படித்தான் எரிந்தது. அதனால் ஊரில் எண்ணெய் விற்கிறவர்கள் எல்லாரும் கூட்டுக் களவாணிகள் என்ற முடிவுக்கு வந்தார்.

அந்த வருடம், நவம்பரில் பெருவாத்து சமைத்துக் கொண்டாடும் மார்ட்டின் பண்டிகைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பக்கத்து ஊர் மருந்துக்கடைக்காரர் அன்ஸெல்ம் பிர்க்னர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இருவரும் ஒரே கடையில் உதவியாளர்களாக இருந்து, ஒரே கட்டிலில் மாறி மாறித் தூங்கிய பழக்கம். பிர்க்னர் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. உள்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உன் சரக்குல வில்லோ உப்பு கலந்திருக்கு, லெபரெக்ட்."

"என் சரக்குலயா? உன் கடையில எவனாவது கலந்திருப்பான்."

"முத்திரையை உடைச்சது நான்தான். எங்க தச்சன் பெண்டாட்டிக்குச் சதுப்புக் காய்ச்சல், அது கொய்னாவுக்கு மட்டும்தான் கேக்கும். உன் கொய்னாவை நம்பிக் கொடுத்தேன், இறங்கவே இல்லை. பழைய புட்டி ஒண்ணு கிடந்துது, அதைக் கொடுத்தப்புறம்தான் பொழைச்சா. அப்பதான் இதைச் சோதிச்சேன்."

மோரிங் தட்டை எடுத்து வைத்தார். பிர்க்னர் சிட்டிகைப் பொடி வைத்து, திராவகத்தை ஒரு சொட்டு விட்டார். "பாத்தியா, இரத்தம் மாதிரி" என்றார். மோரிங் குனிந்தார். ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மாதத்து மூட்டம், உள்ளே அந்தக் களவாணி எண்ணெயின் வெளிச்சம். நண்பன் பொய் சொல்கிறவன் இல்லை. "ஆமாம்" என்றார் மோரிங்.

பிர்க்னர் நயமாகத்தான் பேசினார். மாவட்ட மருத்துவர் செவ்வாய்க்கிழமை ஹைல்பாக்குக்கு வருடாந்தரச் சோதனைக்கு வருகிறார். ஒரு நோயாளி சாகக் கிடந்த விஷயத்தை அவரிடம் மறைப்பது பிர்க்னர் எடுத்த சத்தியத்துக்கு விரோதம். அதற்குள் கலந்தவனை மோரிங்கே பிடித்து வெளியே தள்ளிவிட்டால், பிடித்தாயிற்று என்று சேர்த்துச் சொல்லலாம். முத்திரைக்கு அவ்வளவு சேதம் வராது. பிடிக்காவிட்டால் மான்தலையை இனி எவனும் நம்பமாட்டான். வில்லோப் பட்டை கொதித்த அண்டாவிலிருந்து புகைபோக்கி வரைக்கும் கட்டியது எல்லாம் ஒரு சொட்டுத் திராவகத்தில் கரைந்துபோகும். பண்டிகை முடியும்வரை இங்கேயே தங்குகிறேன் என்றார் பிர்க்னர். துணைக்குத் தங்குகிறானா, வேவு பார்க்கத் தங்குகிறானா என்று மோரிங்குக்கு அந்த நிமிடமே ஒரு கேள்வி வந்தது.

யார் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. தாம் சோதித்து முத்திரை வைத்த புட்டி சுத்தம். அதில் கேள்விக்கே இடமில்லை. பழைய அறையிலிருந்து வெளியேறிய புட்டி நேராக அனுப்பும் அறைக்குப் போகிறது. அங்கேதான் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறார்கள். அனுப்பும் அறைக்குப் பொறுப்பு தியோபால்ட் கெர்ஸ்ட்.

கெர்ஸ்ட் அவருடைய முதல் உதவியாளன். சாக்ஸனிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். அந்தக் கால வழக்கப்படி முதலாளியின் கூரையின் கீழேயே அவனுக்கு அறை, முதலாளியின் மேசையிலேயே சாப்பாடு, அங்கே இருக்கும்வரை கல்யாணப் பேச்சு கிடையாது. எதிர்த்துப் பேசாதவன். நடந்தால் சத்தம் கேட்காது. இத்தனை வருடமாக அதை நல்ல குணம் என்று நினைத்திருந்த மோரிங்குக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது திருட்டு நடையாகத் தெரிந்தது. காதைத் தீட்டிக்கொண்டார்.

காதைத் தீட்டிக்கொண்டவனுக்குக் கேட்பதெல்லாம் விஷயம்தான். சனிக்கிழமை காலையில் மாடிப்படி வளைவில் அடெல்ஹைடும் கெர்ஸ்டும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கீழ்ப்படியில் கால் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. அடெல்ஹைட் இறங்கி வந்து, "காபி ஆறிடும், வாங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச காலமாகவே அவள் இப்படித்தான் முழங்கையைப் பிடிக்கிறாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியபின் இந்த வயதில் என்ன கொஞ்சல் என்று முதலில் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை. குற்றம் செய்கிறவள்தான் கொஞ்சுவாள் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காக அவருக்கே ஒரு நிமிடம் அருவருப்பாக இருந்தது. ஆனால் நினைப்பை விடவில்லை.

சாப்பாட்டு மேசையில் இன்னும் கவனித்தார். அவர் உள்ளே வந்தால் பேச்சு மாறுகிறது. அவர் உப்புக்குக் கை நீட்டினால் யாரோ அதை அவர் விரலருகே தள்ளுகிறார்கள். நாற்காலி எப்போதும் சரியாக இழுத்து வைக்கப்பட்டிருக்கிறது. மொத்த வீடும் அவரைச் சுற்றி ஏதோ ஒரு ஏற்பாட்டில் இருக்கிறது, அந்த ஏற்பாடு தமக்கு மட்டும் தெரியாது என்பது அவருக்கு அப்போது உறைத்தது. தம் வீட்டிலேயே ஏமாளியாகிவிட்டோம் என்று குமைந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலை உலைக்காரர் குன்ட்ஸைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். கிழவர் முதலில் மென்று விழுங்கினார். பிறகு, கெர்ஸ்ட் சாயங்கால வேளைகளில் ஆற்றங்கரைக்குப் போவதையும், பையிலிருந்து வெள்ளையாக எதையோ தண்ணீரில் கொட்டுவதையும் பலமுறை பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அம்மாவுக்குத் தெரியும்னு சொன்னாருங்க. அதான் நான் வாயைத் திறக்கலை."

அம்மாவுக்குத் தெரியும். அடெல்ஹைடுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் வீடே தேவாலயத்துக்குக் கிளம்பியது. தலைவலி என்று சொல்லி மோரிங் நின்றுவிட்டார். அடெல்ஹைடும் இருக்கிறேன் என்றாள், அவளை விரட்டாத குறையாக அனுப்பினார். டோர்ட்டெ மட்டும் அடுக்களையில் பண்டிகைப் பெருவாத்தை வாட்டிக்கொண்டிருந்தாள். அவர் மாடியேறிக் கெர்ஸ்டின் அறைக்குள் போனார். இன்னொருவன் பெட்டியைத் திறப்பது இதுதான் அவர் வாழ்வில் முதல் தடவை. மடித்துவைத்த சட்டைகளுக்கு அடியில் கையை விட்டார். காலுறைகள், வேதப்புத்தகம், யாரோ பின்னிக் கொடுத்த கழுத்துத்துணி. அதற்குள் சுற்றியிருந்தது சின்னதாக, கனமாக ஒன்று. வெளியே எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். மூக்கு, காது, கிளைத்த கொம்பு. மான்தலை. பித்தளையில் வெட்டிய இன்னொரு முத்திரை. தம் மோதிரத்தில் இடது கொம்புக்கு மூன்று கிளை, இதில் கடைசிக் கிளை மழுங்கிப் போயிருந்தது.

கிடைத்துவிட்டது. அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தாம் நினைத்தது சரியாகிப்போனதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கீழே இறங்கி அனுப்பும் அறைக்குப் போனார். பெட்டியில் அடுக்கியிருந்த புட்டிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நிறைய மூடிகளில் கொம்பின் கடைசிக் கிளை மழுங்கியிருந்தது. தம் முத்திரையை உடைத்து, கொய்னாவை எடுத்துக்கொண்டு, வில்லோ உப்பைக் கலந்து, பொய் முத்திரை வைத்திருக்கிறான். அதில் ஒரு புட்டியை எடுத்துக்கொண்டார். பழைய அறையைத் திறந்து, சனிக்கிழமை தாமே சோதித்து முத்திரை வைத்த புட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் மேசைக்கு எல்லாரும் வந்தார்கள். பெருவாத்து, சிவப்பு முட்டைகோஸ், உருளைக்கிழங்கு உருண்டை என்று வாசனை வீட்டை நிறைத்தது. அடெல்ஹைட், பிர்க்னர், கெர்ஸ்ட் மூவரும் உட்கார்ந்து ஜெபம் முடிந்ததும், மோரிங் கறித்தட்டை ஒதுக்கச் சொன்னார். இரண்டு வெள்ளைத் தட்டுகளையும் இரண்டு புட்டிகளையும் திராவகக் குப்பியையும் வைத்தார். பித்தளை முத்திரையைக் கெர்ஸ்ட் முன்னால் போட்டார். அது உருண்டு ஏதோ ஒரு கண்ணாடிக் கோப்பையில் மோதி நின்றது.

கெர்ஸ்டுக்கு மூச்சு நின்றுபோனது அவருக்குக் கேட்டது.

"என் பெட்டியைத் திறந்தீங்களா, ஐயா?"

"திறந்தேன். என் சோத்தைத் தின்னுட்டு என் முத்திரையையே வெட்டினவன் பெட்டியைத் திறந்தேன். பேசாம உக்காரு. அன்ஸெல்ம், நீ சாட்சி. வலது பக்கம் இருக்கறது இவன் பொய் முத்திரை வச்ச புட்டி. இடது பக்கம் இருக்கறது நான் வச்சது."

இரண்டு மூடிகளையும் உடைத்தார். இரண்டு தட்டுகளிலும் சிட்டிகை வைத்தார். வருடக்கணக்காகச் செய்து பழகிய கை, சொட்டு பிசகாமல் விழுந்தது. நிமிர்ந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"நல்லா பாருங்க. என்னோடது போட்டது போட்டபடி வெள்ளையா கிடக்கு. இவனோடது இரத்தமா சிவந்துபோச்சு. இதுக்குமேல என்ன வேணும்?"

அடுக்களையில் கொழுப்பு பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அடெல்ஹைட் மூக்கை உறிஞ்சினாள். திருட்டு வெளியானதும் வருகிற அழுகை என்று அவர் நினைத்தார்.

"லெபரெக்ட்," என்றார் பிர்க்னர், ரொம்ப மெதுவாக. "சிவந்த தட்டு எதுன்னு கையால காட்டு."

மோரிங் வலது பக்கத்துத் தட்டைக் காட்டினார்.

"அது வெள்ளையாதாம்பா இருக்கு. சிவந்தது உன்னோடது."

மோரிங் சிரித்தார். கோபத்தில் வருகிற சிரிப்பு. இவனும் இவர்களோடு சேர்ந்துகொண்டான். வெள்ளிக்கிழமையே நினைத்தார், வேவு பார்க்கத்தான் தங்குகிறான் என்று. இல்லாவிட்டால் தாம் புட்டியை உடைக்கும் நேரத்தில் எவனோ தட்டை மாற்றியிருக்கிறான், நடையிலேயே சத்தம் வராதவனுக்கு இது பெரிய வேலையா என்றார். எல்லாரும் எழுந்து சுவரோரம் போய் நில்லுங்கள் என்று உத்தரவு போட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. அவர்கள் சுவரோரம் போய் நிற்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தம் புட்டியை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது தட்டு ஒன்றைத் தம் முன் இழுத்தார். சிட்டிகை வைத்தார், சொட்டு விட்டார். யாரும் மாற்றிவிடாதபடி தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டோர்ட்டெ" என்று கூப்பிட்டார்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இந்த வீட்டில் கொய்னாவுக்கும் கோதுமை மாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே ஆள் அவள்தான். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது, சொல்லிக்கொடுத்தாலும் அவளுக்கு நடிக்க வராது. அதனால்தான் அவளைக் கூப்பிட்டார்.

"இந்தத் தட்டுல இருக்கறது என்ன நிறம்? பயப்படாம சொல்லு."

"செர்ரிப் பழப்பாகு நிறமுங்க ஐயா. நல்ல சிவப்பு." கொஞ்சம் நிறுத்தி, "ஏனுங்க, உங்களுக்குத் தெரியலையா?" என்றாள்.

மோரிங் தட்டைப் பார்த்தார். தட்டு இருக்கும் இடத்தில் மங்கலாக ஒரு வெளுப்பு இருந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறம். முகத்தைக் கிட்டே கொண்டுபோனார், திராவகத்தின் நெடி மூக்கில் ஏறியது. அப்போதும் அதே வெளுப்பு, அதே சாம்பல். தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. வெளியே வெயில் அடிக்கிறதா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டார். கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குப் பயமாக இருந்தது. அடெல்ஹைட் வந்து, தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவர் கைகளை எடுத்துவிட்டாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

"வென்ட்ஸலோட தெருவுல சண்டை போட்டீங்களே, அன்னிலேர்ந்து. அன்னிக்கு விளக்கு நல்லாதான் எரிஞ்சுது."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? சொன்னவங்களை இல்ல சந்தேகப்பட்டிருப்பீங்க?"

மோரிங் திராவகக் குப்பியைத் தடவி எடுத்து மூடினார்.

மீதியைக் கெர்ஸ்ட் சொன்னான். நின்றபடியே, வேலை விவரம் ஒப்பிக்கிற குரலில் சொன்னான். கோடையில் பழைய அறை அலமாரிக்கு வண்ணம் அடித்தபோது, யாரையும் நம்பாமல் ஜாடிகளை ஐயாவே இறக்கி ஐயாவே ஏற்றினார். கொய்னா ஜாடியும் வில்லோ உப்பு ஜாடியும் அப்போது இடம் மாறியிருக்கவேண்டும். இடத்தை வைத்தே எடுக்கிற ஐயா, அதிலிருந்து வில்லோ உப்பின் மேலேயே கொய்னாவைக் கொட்டிக் கொட்டிப் புட்டியில் அடைத்தார். அந்த அறைக்குள் போக யாருக்கும் வழியில்லை. அதனால் அனுப்பும் அறைக்கு வந்த புட்டிகளை அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திறந்து சோதித்தான். சிவந்ததை ஆற்றில் கொட்டினான். தொழிற்சாலைச் சரக்கை எடுத்து நிரப்பி, வேறு வழியில்லாமல் ஒரு முத்திரை வெட்டி வைத்தான். நடுவில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டான். பிர்க்னர் ஐயாவுக்குப் போன புட்டி அந்த வாரத்தில் போனது.

"மாவட்ட மருத்துவருக்குத் தெரிஞ்சா உங்க உரிமையைப் பிடுங்கிடுவாங்க ஐயா. கண்ணு சரியில்லாதவர் மருந்துக்கடை நடத்தக் கூடாதுன்னு சட்டம். அறுவை செஞ்சா பார்வை வரும்னு அம்மா ஒரு டாக்டரை விசாரிச்சு வச்சிருக்காங்க. அதுவரைக்கும் சமாளிச்சிடலாம்னு நினைச்சோம்."

பிர்க்னர் தொண்டையைக் கனைத்தார். மாவட்ட மருத்துவரிடம் தாம் சொல்லாமல் இருக்க முடியாது என்றார், ஒரு பெண் சாகக் கிடந்திருக்கிறாள். ஆனால் ஜாடி இடம் மாறியது, கண்டுபிடித்துத் திருத்தியாயிற்று, இனி முத்திரைக்கு முன் வேறொருவர் கண் பார்க்கும் என்று சொல்லலாம், அதில் பொய் இல்லை என்றார். மோரிங் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினார். முட்டியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது, எச்சில் தொட்டு உருவினார். கெர்ஸ்ட் நிற்கும் பக்கம் என்று நினைத்துக் கையை நீட்டினார். கை கொஞ்சம் தள்ளித்தான் நீண்டது.

கெர்ஸ்ட் அதை வாங்கவில்லை.

"எனக்கு நற்சான்று எழுதிக்கொடுங்க ஐயா. நான் வேற இடம் பாத்துக்கறேன்."

அடெல்ஹைட் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவன் அவளை மரியாதையாகவே தடுத்தான்.

"கோபமில்லைம்மா. ஆனா பெட்டியில என் தங்கை பின்னின துணி வரைக்கும் பிரிச்சுப் பாத்திருக்காங்க. இனிமே இந்த மேசையில எனக்குச் சோறு இறங்காது."

அந்தப் பேச்சு மோரிங்கின் நெஞ்சில் போய்த் தைத்தது. நாள் முழுக்க தாம் கண்டுபிடித்ததிலேயே அது ஒன்றுதான் உண்மையான குற்றம், செய்தவர் தாம். மன்னித்துக்கொள் என்று சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது. அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லிப் பழகாத வாயில் அது வந்து வந்து நின்றுவிட்டது.

நற்சான்று இல்லாமல் எந்த மருந்துக்கடையும் உதவியாளனை வாசல்படி ஏற்றாது. அதில் ஒரு வார்த்தை குறைந்தால் அவன் வாழ்க்கையில் ஒரு கதவு அடைபடும். மோரிங் இதுவரை எழுதிய நற்சான்றுகளில் தாராளமாக இருந்ததாக ஊரில் யாரும் சொன்னதில்லை. நல்ல தாளும் மையும் கொண்டுவரச் சொன்னார். டோர்ட்டெ ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.

"நீயே எழுது" என்றார்.

"நானேவா?"

"என்ன எழுதணுமோ எழுது. எவ்வளவு எழுதணுமோ எழுது."

பேனா கீறும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. இடையில் ஒருமுறை நின்று, மறுபடி தொடர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மோரிங் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பழைய மோரிங்காக இருந்திருந்தால், தமக்கு எதிராகவே இவன் ஏதாவது எழுதித் தம் கையெழுத்தை வாங்கிக்கொள்வானோ என்று நினைத்திருப்பார். இப்போதும் நினைத்தார். அந்த நினைப்பு நெஞ்சில் எழும்பி, போக்கிடம் இல்லாமல் அங்கேயே நின்றது.

"முடிச்சுட்டேன் ஐயா. படிச்சுக் காட்டட்டுமா?"

"வேண்டாம்."

"லெபரெக்ட், நான் வேணா படிக்கறேன்" என்றார் பிர்க்னர்.

"வேண்டாம்னு சொன்னேன். எங்க போடணும்னு மட்டும் காட்டு."

கெர்ஸ்ட் அவர் கையைப் பிடித்துப் பேனா முனையைத் தாளில் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தான். மோரிங் கையெழுத்துப் போட்டார். அரக்கை அவனே உருக்கி ஊற்றினான். அவர் மோதிரத்தை அழுத்தும்போது அது சரியான இடத்தில் விழும்படி தாளை நகர்த்திக் கொடுத்தான். பிறகு தாளை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியேறினான். இந்த முறை அவன் மாடிப்படி ஏறுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

பெருவாத்து ஆறிப்போயிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. மோரிங் மோதிரத்தை மேசைமேல் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அடெல்ஹைட்" என்றார்.

"சொல்லுங்க."

"நாளைக்கு வென்ட்ஸல் கடையிலயே எண்ணெய் வாங்கிக்கோ. அவன்கிட்ட நான் வந்து பேசறேன். வழி மட்டும் நீ காட்டு."